3 நாள் மருந்தை 3 வருடம் விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் இந்த நாட்களில் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழுவது, "மூக்கு ஒழுகிட்டே இருக்கு, தும்மல் நிக்கல, ஏதாவது குடுங்க" என்ற பேச்சுதான். அந்த 'ஏதாவது' பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கிறது: மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து, நான்கு மருந்தைக் கலந்து செய்த சளி மாத்திரை, அல்லது 3 நாளைக்கு ஒரு ஆன்டிபயாட்டிக். அலர்ஜியால் வரும் மூக்கொழுகலுக்கு இந்த மூன்றில் எதுவும் முதல் மருந்து அல்ல. முதல் மருந்து எது, அதை எந்த முறையில் எடுக்க வேண்டும் என்பது சொல்லித் தரப்படாததால்தான் பலர் வருடக்கணக்கில் 'எனக்கு சைனஸ்' என்று சொல்லிக்கொண்டு அவதிப்படுகிறார்கள். கடிதம் நீளும். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் போல் தெளிவாக ஒழுகுவது, காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, காய்ச்சல் இல்லை, வாரக்கணக்கில் தொடர்கிறது என்றால் அது அலர்ஜி. தொண்டை வலியும் உடம்பு வலியுமாகத் தொடங்கி, மூன்றாம் நான்காம் நாள் சளி கெட்டியாகி, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கினால் அது வைரஸ் தடுமன். கெட்டிச் சளி, கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் அழுத்தம், வாசனை தெரியாமை, சளி தொண்டைக்குள் இறங்குவது எல்லாம் சேர்ந்தால் சைனஸ் அழற்சி, அதாவது மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளின் வீக்கம். அது 12 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சைனஸ் என்று பெயர். சூடான ரசமோ காரக் குழம்போ சாப்பிடும்போது மட்டும் மூக்கிலிருந்து நீர் கொட்டி, சாப்பிட்டு முடித்ததும் நின்றுவிட்டால் அது அலர்ஜியும் அல்ல, சைனஸும் அல்ல. மூக்கின் நரம்புகள் காரத்துக்குக் காட்டும் எதிர்வினை. அதற்கு அலர்ஜி மாத்திரை வேலை செய்யாது. தொல்லை மிகுந்தால் இப்ராட்ரோப்பியம் என்ற மூக்கு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

அலர்ஜி இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. தூசுப் பூச்சியின் கழிவோ மகரந்தமோ மூக்கின் உட்சவ்வில் பட்டவுடன் அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற பாதுகாப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு, நீர். சில மணி நேரம் கழித்து வேறு வகை வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிந்து சவ்வை வீங்க வைக்கின்றன. அடைப்பு அப்போது வருகிறது. சைனஸ் அறைகள் மூக்குக்குள் திறக்கும் வாசல்கள் மிகக் குறுகியவை. சவ்வு வீங்கினால் அவை மூடிக்கொள்கின்றன, உள்ளே சளி தேங்குகிறது. அலர்ஜியைக் கவனிக்காமல் விட்டவருக்கு சைனஸ் தொல்லை சேர்ந்துகொள்ள இது ஒரு வழி.

இப்போது சொட்டு மருந்துக்கு வருகிறோம். சைலோமெட்டாசோலின் 0.1%, ஆக்சிமெட்டாசோலின் 0.05% என்று புட்டியில் எழுதியிருக்கும். ஓட்ரிவின், நாசிவியான் என்ற பெயர்களில் எல்லோருக்கும் தெரியும். மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்ற மடிப்புச் சதையில் உள்ள ரத்தக் குழாய்களை இது சுருக்குகிறது. ஐந்து பத்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும். அந்த வேகம்தான் ஆபத்து. தும்மலையோ அரிப்பையோ இது தொடாது. நீர் வடிவதையும் பெரிதாகக் குறைக்காது. வீக்கத்தின் காரணத்தை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் இறுக்குகிறது. மருந்தின் வேகம் அடங்கியதும் குழாய்கள் முன்பைவிடப் பெருத்து விரிகின்றன. நாள் செல்லச் செல்ல அதே அளவு மருந்துக்கு அவை முன்போல் சுருங்குவதும் இல்லை. முதலில் இரவு ஒரு வேளை விட்டவர், பிறகு மூன்று வேளை, பிறகு சட்டைப் பையில் புட்டியோடு நடமாடுகிறார். நோய் முற்றிவிட்டது என்று அவர் நினைக்கிறார்; உண்மையில் அடைப்பை உண்டாக்குவது அந்தப் புட்டிதான். 3 நாள், அதிகம் போனால் 5 நாள் என்பதே இதன் எல்லை. குழந்தைகளுக்கான சைலோமெட்டாசோலின் 0.05% புட்டியும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். பெரியவர்களின் புட்டியிலிருந்து கைக்குழந்தைக்கு ஒரு சொட்டுகூட விடக் கூடாது. ரத்தத்தில் கலந்து மயக்கமும் மூச்சு மந்தமும் வந்த குழந்தைகள் உண்டு.

ஏற்கெனவே மாதக்கணக்கில் விட்டுப் பழகியவர்கள் மீள வழி இருக்கிறது. மருத்துவர் ஆலோசனையோடு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை இரு பக்கமும் தொடங்க வேண்டும். சொட்டு மருந்தை முதலில் ஒரு பக்கம் மட்டும் அடியோடு நிறுத்தி, மறு பக்கத்தில் இரவில் மட்டும் தொடரலாம். நிறுத்திய பக்கம் முதல் சில நாட்கள் கல்லாக அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் மனம் தளர்ந்து மீண்டும் சொட்டு விட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பதும் உப்புநீரில் மூக்கைக் கழுவுவதும் இந்த நாட்களைக் கடக்க உதவும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் திறக்கும். பிறகு மறு பக்கத்தையும் நிறுத்திவிடலாம். இரு பக்கமும் ஒரே நாளில் நிறுத்த முடிந்தால் அதுவும் சரியே. இரவுத் தூக்கம் போய்விடுகிறது என்பதால்தான் ஒரு பக்கமாகத் தொடங்கச் சொல்கிறோம்.

இந்த ஸ்டீராய்டு ஸ்பிரேதான் நாங்கள் சொன்ன முதல் மருந்து. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், பியூடசோனைடு ஆகியவை இந்த வகை. தும்மல், அரிப்பு, நீர், அடைப்பு நான்கையும் குறைப்பதில் எந்த ஒற்றை மாத்திரையும் இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பியூடசோனைடு மூக்கு ஸ்பிரே இருக்கிறது. 'ஸ்டீராய்டா? வேண்டாம்' என்ற பயம் மாத்திரையையும் ஊசியையும் பார்த்து வந்தது. ஃப்ளூட்டிகசோனும் மொமெட்டசோனும் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் அளவில் மூக்கில் அடிக்கப்படுகின்றன. அதில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது 2 சதவீதத்துக்கும் குறைவு. இந்த நம்பிக்கை பெட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் கலந்த பழைய மூக்குச் சொட்டுகளுக்குப் பொருந்தாது. அவை உடம்பில் அதிகம் கலக்கும், நீண்ட நாள் விடக் கூடாது. எச்.ஐ.வி.க்காக ரிட்டோனாவிர் கலந்த மருந்து எடுப்பவர்கள் ஸ்பிரே தொடங்கும் முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து ஸ்டீராய்டு உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்துவிடும். கண் அழுத்த நோயும் கண்புரையும் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் தேவைப்பட்டால் உயரத்தை அவ்வப்போது அளந்து குறித்துவர வேண்டும்.

'நானும் ஸ்பிரே அடிச்சுப் பார்த்தேன், கேட்கல' என்பவர்களில் பலருக்குக் குறை மருந்தில் இல்லை, அடிக்கும் முறையில் இருக்கிறது. புதுப் புட்டியை நன்றாகக் குலுக்கி, காற்றில் சில முறை அழுத்திவிட வேண்டும். மருந்தைப் பொறுத்து 6 முதல் 10 முறை; நுண்ணிய புகை போல் சீராக வரும்வரை. ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காமல் வைத்திருந்தாலும் மீண்டும் இதைச் செய்ய வேண்டும். மூக்கை மெல்லச் சிந்திவிட்டு, தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். அண்ணாந்து அடித்தால் மருந்து நேராகத் தொண்டைக்கு ஓடிவிடும். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடிப்பதுதான் இதில் மிக முக்கியமான இடம். கையை மாற்றினால் முனை தானாகவே அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்புகிறது. வீங்கிக் கிடக்கும் மடிப்புச் சதை அங்கேதான் இருக்கிறது. ஒரே கையால் இரு பக்கமும் அடித்தால் ஏதோ ஒரு பக்கத்தில் மருந்து, இரு துளைகளுக்கும் இடையே உள்ள நடுத்தண்டின் மேல் பாயும். நடுத்தண்டின் முன் பகுதியில் ரத்தக் குழாய்கள் மேலோட்டமாக ஓடுவதால் அங்கே வறண்டு ரத்தம் கசிகிறது. ஸ்பிரேயால் ரத்தம் வருகிறது என்று நிறுத்திவிடுபவர்கள் பலருக்கும் நடப்பது இதுதான். ஓரிரு நாள் நிறுத்தி, உள்ளே வாஸ்லின் தடவி, கோணத்தைத் திருத்தித் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகும் வந்தால் மூக்கைக் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தும்போது மூச்சை மெல்ல உள்ளே இழுத்தால் போதும். 'சர்ர்' என்று உறிஞ்சினால் மருந்து மூக்கில் தங்காமல் தொண்டையில் இறங்கும். நாக்கில் கசப்பு தெரிந்தால் உறிஞ்சிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடித்த பிறகு பத்து நிமிடம் மூக்கைச் சிந்தாமல் இருங்கள். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு ஒவ்வொரு மூக்கிலும் 2 முறை, நாளுக்கு ஒரு வேளை. தொல்லை அடங்கியபின் 1 முறையாகக் குறைக்கலாம். முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வெந்நீரில் கழுவ வேண்டும். ஊசியால் குத்தினால் துளை பெருத்து, நுண்துகளாக வர வேண்டிய மருந்து தாரையாக வரும்.

அடுத்த தவறு, பொறுமையின்மை. சொட்டு மருந்து பத்து நிமிடத்தில் திறந்துவிட்ட மூக்கு இதையும் பத்து நிமிடத்தில் எதிர்பார்க்கிறது. ஸ்பிரேயின் பலன் அரை நாளில் தொடங்கினாலும் முழுமையாகத் தெரிய 1 முதல் 2 வாரம் ஆகும். பல் துலக்குவது போல் தினமும் செய்ய வேண்டிய காரியம் இது; தும்மல் வந்த நாளில் மட்டும் அடிப்பதில் பலன் குறைவு. புட்டியே இதற்குச் சாட்சி சொல்லும். பல புட்டிகளில் 120 முறைக்கான மருந்து இருக்கிறது. நாளுக்கு 4 முறை என்றால் 30 நாளில் தீர வேண்டும். ஒரே புட்டி மூன்று மாதம் வந்தது என்றால் சொன்னபடி எடுக்கவில்லை. 120 முறை முடிந்தபின் உள்ளே கொஞ்சம் ஆடினாலும் அளவு சரியாக வராது. புதிது வாங்க வேண்டும். குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் தொல்லை வருபவர்கள், வழக்கமாகத் தொடங்கும் தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஸ்பிரேயை ஆரம்பித்துவிடுவது நல்லது.

ஸ்பிரேக்கு முன் மூக்கைக் கழுவுவது இதன் பலனைக் கூட்டும். சளியும் தூசும் படிந்த சவ்வின் மேல் அடித்த மருந்து சளியோடு வெளியே போய்விடுகிறது. யோகப் பயிற்சியில் ஜலநேத்தி என்று செய்வதும் மருத்துவமனையில் உப்புநீர்க் கழுவல் என்று சொல்வதும் ஒன்றேதான். 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. தூள் உப்பானால் தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி. கல்லுப்பைத் தேக்கரண்டியில் அளந்தால் இடையே காற்று நின்று அளவு குறையும், பொடித்து அளக்க வேண்டும். அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும், கெட்டிச் சளியும் இளகும். கழுவும்போது சுரீரென்று எரிந்தால் பெரும்பாலும் உப்பு குறைந்திருக்கும். வெறும் தண்ணீர் சவ்வின் செல்களுக்குள் புகுந்து அவற்றை ஊத வைப்பதால் வரும் எரிச்சல் அது. உப்பு மிகுந்தாலும் எரியும். அளக்கச் சிரமமானால் மருந்துக்கடையில் கிடைக்கும் அளவிட்ட பொட்டலத்தை வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குழாய்த் தண்ணீர், கிணற்று நீர், வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. நிக்ளேரியா ஃபௌலெரி என்ற அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே போனால் வாசனை நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறிவிடும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தார்கள். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் வந்த மூளைக் காய்ச்சல் செய்திகளில் இதே அமீபாவின் பெயர் அடிபட்டது நினைவிருக்கும். ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் 3 நிமிடம். மூடி வைத்து ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது பயன்படுத்துங்கள். மிச்சத்தை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.

கழுவும் முறை எளிது. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விடுங்கள். மேலே இருக்கும் மூக்குத் துளையில் சுமார் 120 மில்லி நீரை மெல்ல விட்டால் மறு துளை வழியாக வழிந்துவிடும். பிறகு பக்கம் மாற்றுங்கள். 'ஆ' என்று ஓசை எழுப்பிக்கொண்டே செய்தால் நீர் தொண்டைக்குள் போகாது. பிழியும் புட்டியை ஓங்கி அழுத்தினால் நீர் காதுக் குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும். முடிந்ததும் குனிந்தபடி தலையை இரு பக்கமும் திருப்பி மிச்ச நீரை வடித்துவிட்டு, ஒரு துளையை மூடிக்கொண்டு மறு துளையை மென்மையாகச் சிந்துங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஊதினால் சளி சைனஸுக்குள்ளும் காதுக்குள்ளும் தள்ளப்படும். பத்து பதினைந்து நிமிடம் கழித்து ஸ்பிரே. புட்டியைச் சோப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். காதில் சீழ் உள்ளவர்கள், மூக்கு இரு பக்கமும் முழுதாக அடைத்திருப்பவர்கள், அண்மையில் மூக்கில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

மாத்திரைகளில், நம் ஊரில் தலைமுறைகளாகப் புழங்கும் அவில், சி.பி.எம். (குளோர்ஃபெனிரமின்) போன்றவை தூக்கத்தைத் தரும் பழைய வகை. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கும். ஒரு வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. செட்டிரிசின் 10 மில்லிகிராம், லெவோசெட்டிரிசின் 5 மில்லிகிராம், லோரட்டடின் 10 மில்லிகிராம், ஃபெக்சோஃபெனடின் 120 மில்லிகிராம் ஆகியவை புதிய வகை. செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். இவை தும்மலையும் அரிப்பையும் நீரையும் குறைக்கும். அடைப்பைப் பெரிதாகக் குறைக்காது. லேசான தொல்லைக்கு மாத்திரை மட்டும் போதும். வாரத்தில் 4 நாளுக்கு மேல், 4 வாரத்துக்கு மேல் என்று நீடிப்பவர்களுக்கு ஸ்பிரே தேவை.

லெவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் 10 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை இன்று மிகச் சாதாரணமாக விற்கிறது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். தூக்கக் கலக்கம், கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை உண்டாக்கலாம் என்று மான்டெலுகாஸ்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் மிகக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. அலர்ஜி மூக்கொழுகலுக்கு வேறு மருந்துகள் பலிக்காதபோது மட்டுமே தர வேண்டும் என்றும் சொன்னது. ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவர்களுக்கு இது தேவைப்படலாம். வெறும் தும்மலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மருந்து அல்ல. குழந்தை இதை எடுக்கத் தொடங்கியபின் குணம் மாறினால், இரவில் அலறி எழுந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கலப்புச் சளி மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். வாய்வழியாக எடுக்கும் அளவில் அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க நிபுணர் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று அட்டையில் அச்சிட நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பழைய புட்டி வீட்டு அலமாரியில் இருந்தால் அதில் இந்த எச்சரிக்கை இருக்காது, கவனம். இந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் உண்டு. காய்ச்சல் மாத்திரையைத் தனியாகவும் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும். தும்மலுக்கு 'ஒரு அவில், ஒரு டெக்சா' என்று ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமும் ஒழிய வேண்டும். டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டுதான், ஊசியில் போகும்போது முழுவதும் உடம்பில் கலக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அன்றும் மறுநாளும் சர்க்கரை எகிறும். ஸ்பிரேயில் உள்ள துளி ஸ்டீராய்டுக்குப் பயந்து ஊசியில் அதையே பல மடங்கு ஏற்றிக்கொள்வது எங்களை மிகவும் வருத்தும் விஷயம்.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒன்றே ஒன்று. சளி மஞ்சளாக, பச்சையாக மாறுவது பாக்டீரியாவுக்கு அடையாளம் அல்ல. வெள்ளணுக்கள் சேர்வதால் வரும் நிறம் அது. வைரஸ் தடுமனிலும் வரும். 10 நாளாகியும் துளியும் குறையவில்லை, அல்லது குறைந்துவந்த தொல்லை ஐந்தாறு நாளில் திரும்பக் கூடிவிட்டது, அல்லது தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் முகவலியும் 3, 4 நாள் விடாமல் இருக்கின்றன என்றால்தான் பாக்டீரியா சைனஸைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சீட்டில்லாமல் 3 அசித்ரோமைசின் வாங்கி விழுங்குவது அலர்ஜிக்கும் பலன் தராது, சைனஸுக்கும் சரியான மருந்தல்ல. சளியே இல்லாமல் அடிக்கடி வரும் தலைவலியையும் பலர் 'சைனஸ் தலைவலி' என்கிறார்கள். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல், குமட்டலோடு வந்தால் அது மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலியாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

குழந்தைகள் விஷயத்தில் சில வீட்டுப் பழக்கங்களை விட்டே ஆக வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிச் சளி எடுப்பது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. எண்ணெய் நுரையீரலுக்குள் இருமலைக்கூடத் தூண்டாமல் நழுவி இறங்கி, எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவைத் தருகிறது. குளித்த குழந்தைக்குப் போடும் சாம்பிராணிப் புகையும் மூக்கையும் மூச்சுக்குழாயையும் எரிச்சலூட்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எந்தத் தைலமும் வேண்டாம். சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரும். கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்க வைப்பதால் நோய் குணமாவதில்லை. பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோகும் விபத்துகள்தான் நடக்கின்றன. பெரியவர்கள் நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது சற்று இதமாக இருக்கலாம், அவ்வளவே. மிளகுப் பால் குடிப்பதில் தவறில்லை. கைக்குழந்தைக்கு ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு உப்புநீர் மருந்து விட்டு, பால் கொடுக்கும் முன் சளியைத் துடைத்தெடுத்தால் போதும்.

வீட்டில் முதல் எதிரி படுக்கை. தூசுப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது நலியும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அது நடக்காத காரியம். எனவே துணியில்தான் கவனம் வேண்டும். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரிச் சூட்டு நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் பூச்சி சாகாது. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள், மெத்தைக்கு ஜிப் வைத்த நெருக்கமான உறை போடுங்கள். மார்கழியில் தொல்லை கூடுவதற்குப் பனியை மட்டும் குறை சொல்கிறோம். பத்து மாதம் பரணில் கிடந்த கம்பளியை உதறி அன்றிரவே போர்த்திக்கொள்கிறோமே, அதைத் துவைத்து நல்ல வெயிலில் காய வைத்துப் பிறகு எடுங்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, போகிப் புகை ஆகியவை அலர்ஜிப் பொருள் அல்ல என்றாலும், ஏற்கெனவே வீங்கிய மூக்கை மேலும் கிளறும். அலர்ஜி உள்ளவர் துடைப்பம் பிடிக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைப்பதே மேல். கரப்பான் பூச்சியின் கழிவும், மழைக்குப் பின் சுவரில் பூக்கும் பூஞ்சையும், வெளியே பார்த்தீனியமும் சீமைக் கருவேல மகரந்தமும் அலர்ஜி தருபவற்றின் பட்டியலில் உண்டு.

இவற்றையெல்லாம் செய்தும் அடங்காதவர்களுக்குத் தோல் குத்துப் பரிசோதனை செய்து, காரணமான பொருளையே சிறிதுசிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு தொடர வேண்டும். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தாவிட்டால் முடிவு தவறாக வரும்.

சில அறிகுறிகளுக்கு வீட்டிலும் கடையிலும் மருந்து தேடவே கூடாது. குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ மணியோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டபின், அல்லது குனியும்போதெல்லாம், ஒரே பக்கம் தெளிந்த நீர் சொட்டினால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கங்களில் கண்மாயிலும் ஊருணியிலும் குளிப்பவர்களுக்கு ஒரு பக்கம் அடைத்து, ரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ந்தால் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். அறுவை செய்து அகற்ற வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு முகம் வீங்கி, மூக்கில் கருமை படர்ந்து, பார்வை மங்கினால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், கழுத்து விறைப்பு, கடும் தலைவலிக்கும் அப்படியே. மூக்கொழுகலோடு இரவில் இருமலும் இளைப்பும் இருந்தால் ஆஸ்துமாவுக்கும் சேர்த்துப் பரிசோதியுங்கள்.

மருந்துக்கடை நடத்துபவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் புட்டி எதை விற்றாலும், அட்டையின் மேல் பேனாவால் '3 நாள் மட்டும்' என்று எழுதிக் கொடுங்கள். ஒரே வாடிக்கையாளர் மாதாமாதம் அதே புட்டியைக் கேட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுக்கும் மருத்துவ நண்பர்கள், நோயாளியை எதிரே வைத்து ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம்தான் ஆகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் இந்த ஸ்பிரே தடையின்றிக் கிடைக்கவும், 'வலது கையால் இடது மூக்கு' என்ற படம் மருந்து வழங்கும் ஜன்னல் அருகே ஒட்டப்படவும் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும் என உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர், மருந்தாளுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.